கேலரியில் கூடிய ஊர்

அமெரிக்காவில் 1961-இல் இயற்றப்பட்ட ஒளிபரப்புச் சட்டம் ஒன்று இன்றுவரை நடப்பில் இருக்கிறது. தொழில்முறை ஃபுட்பால் அணிகள் தங்கள் தொலைக்காட்சி உரிமையை ஒன்றாகத் திரட்டி மொத்தமாக விற்கலாம், ஏகபோகத் தடைச் சட்டம் அதில் குறுக்கிடாது என்று அது அனுமதி தருகிறது. அந்த அணிகள் சேர்ந்த லீக்கின் பெருஞ்செல்வம் பெரும்பாலும் இந்த அனுமதியிலிருந்து பிறந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமையிலிருந்து டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்குமேல், ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உலகிலேயே பணக்கார விளையாட்டு லீக், பள்ளிப் பையன்களின் ஆட்டத்துக்காக வெள்ளி மாலையை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்கிறது. 2023 நவம்பரில் அது வெள்ளிக்கிழமை ஆட்டம் ஒன்றை வைத்தபோது பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கியது. 2024-இல் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் வைத்த ஆட்டம் செப்டம்பர் 6-ஆம் தேதி, அதாவது முதல் வெள்ளிக்கிழமை நடந்தது. இரண்டு ஆட்டங்களும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே விழுகின்றன. இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆடும் பையன்களை அல்ல. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் அவர்கள் ஆடுவார்கள். மாலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, டிக்கெட் வாங்கி, குளிர்ந்த அலுமினியப் பலகையில் வந்து உட்காரும் ரசிகனைத்தான் அது காக்கிறது.

என் வாதமும் இதுதான். அமெரிக்கப் பள்ளி ஃபுட்பாலின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் பயிற்சியாளர்களின் வரலாறு, வெற்றிக் கணக்குகளின் வரலாறு. ஆனால் அதை அதுவாக ஆக்கியவர்கள் கேலரியில் உட்கார்ந்தவர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும், மோதி வீழ்த்தும் இந்த ஆட்டம் நாம் கால்பந்து என்று சொல்வது அல்ல. நின்று நின்று நடப்பது அதன் இயல்பு. பள்ளி ஆட்டத்தில் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஆக மொத்தம் 48 நிமிடம். ஆனால் மாலை இரண்டரை மணி நேரம் போல நீள்கிறது. அந்த 48 நிமிடத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டே பந்து சும்மா கிடக்கும் நேரம் அதிகம். மிச்ச நேரமெல்லாம் ரசிகன் எதைப் பார்க்கிறான்? வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதும் அண்டை வீட்டுப் பெண்ணை, தின்பண்டக் கடை வரிசையில் நிற்கும் பழைய வகுப்புத் தோழனை, எதிர்ப்புறக் கேலரியில் வேறு நிறச் சட்டையோடு திரண்டிருக்கும் அடுத்த ஊரை. ஆட்ட நுணுக்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் தொலைக்காட்சியே போதும். அது பந்தை விட்டு அகலாது. பள்ளி மைதானத்துக்கு வருகிறவன் ஊரைப் பார்க்க வருகிறான். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஊர் கூடுவதற்கென்றே ஒரு தேர் வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இந்த ஆட்டத்தில் ஊருக்குப் பங்கே இல்லை. 1862-இல் பாஸ்டனின் பொதுத் திடலில் தனியார் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஒனைடா என்ற குழுவை அமைத்தார்கள். அவர்கள் ஆடியது இன்றைய ஆட்டம் அல்ல. உதைப்பதும் ஏந்தி ஓடுவதும் கலந்த ஒன்று. ஆனாலும் அமெரிக்காவில் இத்தகைய ஆட்டத்துக்கென்று ஒழுங்காக அமைந்த முதல் குழு என்று 1925-இல் அத்திடலில் அவர்களுக்கு நினைவுக்கல் நட்டார்கள். பையன்களே விதி வகுத்தார்கள், பையன்களே ஆடினார்கள். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் படம் மாறுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நீடம், வெல்ஸ்லி என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பள்ளிகள் 1882-இல் நன்றி நவிலல் நாளன்று மோதின. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஏன் அந்த நாள்? அது வெளியூர் போனவர்கள் வீடு திரும்பும் நாள். காலையில் ஆட்டம், பிற்பகலில் குடும்ப விருந்து. ஊரைவிட்டுப் போனவனும் ஊரில் தங்கியவனும் ஓரிடத்தில் சந்திக்க ஒரு சாக்கு வேண்டும். அதைப் பள்ளி ஆட்டம் கொடுத்தது. இப்படிக் கூட்டம் வந்தபின் நுழைவுக் கட்டணம் வந்தது. கட்டணம் வந்தபின் பள்ளியில் படிக்காதவனை மாணவன் என்று சொல்லி இறக்கும் மோசடியும் வந்தது. 1890களில் விஸ்கான்சினில் தொடங்கி மாநிலந்தோறும் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் எழுந்ததற்கு இந்தச் சீர்கேடு ஒரு முக்கியக் காரணம். ஆட்டம் மாணவர் கையிலிருந்து பெரியவர் கைக்குப் போனது என்று இதை வரலாற்றாசிரியர்கள் குறைசொல்வது உண்டு. குறை நியாயமானதுதான். ஆனால் பெரியவர்கள் அதில் கைவைத்ததே, ஊர் அதற்குள் கேலரியில் ஏறிவிட்டதால்தான்.

வெள்ளிக்கிழமை எப்படி வந்தது என்பதும் ரசிகனின் வசதியிலிருந்தே விளங்குகிறது. சனிக்கிழமையைக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. ஞாயிறு காலை தேவாலயத்துக்கு உரியது. பிற்பகலைத் தொழில்முறை அணிகள் பிடித்தன. பள்ளிக்கு மிஞ்சியது வெள்ளி. ஆனால் வெள்ளிப் பிற்பகலில் ஆடினால் ஆலைத் தொழிலாளியும் கடைக்காரரும் பருத்தி பறிப்பவரும் எப்படி வருவார்கள்? மின்விளக்கில் இந்த ஆட்டத்தை நடத்தும் முயற்சி 1892-லேயே பென்சில்வேனியாவின் மான்ஸ்ஃபீல்டில் நடந்தது. வெளிச்சம் போதாமல் பாதியில் நிறுத்தினார்கள். விளக்குகள் மலிந்து ஒளியும் கூடிய 1930களில்தான் ஊர்தோறும் கம்பங்கள் எழுந்தன. பகல் வெளிச்சம் பையன்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. விளக்கு தேவைப்பட்டது, வேலை முடித்து வருகிறவனுக்கு.

இந்த வரலாற்றை ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பதென்றால் ஓஹையோவின் மாசிலனைத் தவிர வேறு ஊர் எனக்குத் தோன்றவில்லை. சுமார் 32 ஆயிரம் பேர் வாழும் எஃகு ஊர் அது. பக்கத்து நகரமான கான்டனின் மெக்கின்லி பள்ளியோடு அதன் பகை 1894-இல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரு ஊர்களிலும் கூலிக்கு ஆடும் அணிகளும் இருந்தன. 1906-இல் அவை மோதியபோது பந்தயப் பணத்துக்காக ஆட்டத்தை விற்கப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. ரசிகனின் நம்பிக்கை அதோடு நொறுங்கியது. கூலிக்கு ஆடுபவன் நாளை இன்னோர் ஊருக்குப் போய்விடுவான். பள்ளிப் பையனோ அடுத்த தெருக்காரரின் மகன். அவனை யாரும் விலைபேசி அழைத்துப் போக முடியாது. ஊரின் விசுவாசம் பள்ளி அணியின்மேல் இவ்வளவு இறுக்கமாகப் படிந்ததற்கு அந்த நம்பிக்கைமுறிவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். 1932-இல் மாசிலன் பள்ளியில் படித்த பால் பிரவுன் அதே பள்ளிக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஒன்பது பருவங்களில் 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமநிலை. பின்னாளில் கிளீவ்லாந்தில் ஒரு தொழில்முறை அணி அவர் பெயரையே தாங்கியது. அவருடைய ஆட்டத் திட்டங்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. 1938-இல் ஜார்ஜ் பேர்ட் என்பவர் பள்ளி வாத்தியக் குழுவுக்கு வந்து, இடைவேளையை ஊரே காத்திருக்கும் இசைநிகழ்ச்சியாக மாற்றினார். 1946-இல் கிளீவ்லாந்து அணி தொடங்கியபோது கேளிக்கைப் பொறுப்புக்குப் பிரவுன் அழைத்துக்கொண்டது அதே பேர்டைத்தான். களத்தில் எதையும் தற்செயலுக்கு விடாத அந்த மனிதர், கேலரியையும் தற்செயலுக்கு விடவில்லை.

அந்தக் கேலரி எழுந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1937 ஜூலையில் எஃகு ஆலை வேலைநிறுத்தத்தின்போது மாசிலனில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஊர் இரண்டாகப் பிளந்து நின்றது. இரண்டே ஆண்டில், 1939-இல், வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவதற்காக ரூஸ்வெல்ட் அரசு வகுத்த திட்டத்தின் உதவியோடு அங்கே புதிய மைதானம் எழுந்தது. இன்று அதில் 16 ஆயிரம் பேருக்குமேல் உட்காரலாம். ஊர் மக்களில் பாதிப்பேர். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லவில்லை. மைதானம் புண்ணை ஆற்றியது என்றும் சொல்ல மாட்டேன். எஃகு ஆலைத் தகராறு பலகை இருக்கையில் தீர்ந்துவிடாது. ஆனால் ஆலை நிர்வாகியும் மறியலில் நின்றவனும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பையன் பெயரைக் கூவிய இடம் அந்த ஊரில் வேறு எது இருந்தது? தேவாலயங்கள் இனவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரிந்திருந்தன. ஆலைக்குள் அவர்கள் எதிரெதிர். 1934-லிருந்து இயங்கும் பூஸ்டர் கிளப் என்ற ஆதரவாளர் சங்கம், ஊர் மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் ஒரு சிறிய பந்தைப் பரிசளிக்கும் வழக்கத்தை வைத்தது. அதை விளையாட்டு வெறி என்று வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துப் போவார்கள். எனக்கு அது ஊர் தன் உறுப்பினரைப் பதிவு செய்துகொள்ளும் சடங்காகத் தெரிகிறது. பெண் குழந்தைக்கு அந்தப் பதிவு இல்லாமல் போனது உறுத்துகிறது.

பெருநகரத்தின் கதையையும் விட்டுவிட முடியாது. 1937 நவம்பரில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் அரசுப் பள்ளிகளின் வாகையரும் கத்தோலிக்கப் பள்ளிகளின் வாகையரும் மோதினார்கள். வந்தவர் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று அன்றைய மதிப்பீடு. ஆஸ்டின் பள்ளி 26-0 என்று லியோ பள்ளியை வென்றது. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. ஆனாலும் அது ஒருநாள் வேடிக்கை. ஊரின் வாராந்தரக் கூட்டம் வேறு வகை.

வேறு பொழுதுபோக்கு இல்லாத காலத்தில் கூட்டம் சேர்ந்தது, அதற்கு இவ்வளவு பொருள் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி வலுவானது, சோதித்துப் பார்க்க ஓர் அளவுகோலும் கைவசம் இருக்கிறது. பேஸ்பாலில் பெரிய லீகுகளுக்குக் கீழே சிற்றூர் அணிகளின் லீகுகள் நாடெங்கும் இருந்தன. 1949-இல் அவற்றைப் பார்த்தவர் சுமார் 4 கோடி. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்து பெரிய லீக் ஆட்டங்களைக் காட்டத் தொடங்கியதும், 1960களின் தொடக்கத்தில் அது ஒரு கோடி அளவுக்குச் சரிந்தது. வெறும் பொழுதுபோக்கு என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி: அதைவிட நல்ல பொழுதுபோக்கு வந்தால் ஆள் நகர்ந்துவிடுவார். பள்ளி ஃபுட்பாலுக்கு அந்தக் கதி வராததற்குச் சட்டமே காரணம் என்று பதில் வரும். ஓரளவு உண்மை. ஆனால் சட்டம் தடுத்தது ஒரே ஒரு லீக்கைத்தான். வெள்ளி இரவில் திரைப்படத்தை, தொலைக்காட்சித் தொடரை, வீடியோவை, கைப்பேசியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அத்தனையையும் தாண்டி மைதானத்தில் விளக்கு எரிகிறது. சட்டம் வேலி போட்டது. வேலிக்குள் வேர் இருந்தது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு; அதன்முன் என் வாதம் சற்றுத் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். ஊர் கூடியது, ஊர் கூடியது என்கிறீர்களே, எந்த ஊர்? டெக்சாஸில் 1960களின் நடுப்பகுதிவரை மாநிலத்தின் முதன்மைப் பள்ளி விளையாட்டு அமைப்பில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். கறுப்பர் பள்ளிகளுக்கென்று 1920-இல் தோன்றிய தனி அமைப்பு பிரெய்ரி வியூ லீக் என்று அறியப்பட்டது. வெள்ளி இரவில் மைதானம் வெள்ளையருக்கு. அதனால் கறுப்பர் பள்ளிகள் பல ஊர்களில் புதனிலும் வியாழனிலும் ஆடின. ஆக, வெள்ளிக்கிழமைக் கேலரி பாதி ஊரை வெளியே நிறுத்திவைத்த கேலரி. இதற்குச் சமாதானம் சொல்ல நான் முயலப்போவதில்லை. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் செய்ததைப் பாருங்கள். ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் பள்ளியும் ஃபில்லிஸ் வீட்லி பள்ளியும் நன்றி நவிலல் நாளில் மோதும் ஆட்டத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்த ஆண்டுகள் உண்டு. உடுத்தியதில் சிறந்ததை உடுத்தி வந்தார்கள். தம் ஆசிரியர்கள், தம் வாத்தியக் குழு, தம் அழகு ராணிகள் எல்லாம் அங்கே அணிவகுத்தார்கள். நகர மன்றத்தில் இருக்கை மறுக்கப்பட்ட மக்கள், தாம் எத்தனை பேர் என்று தமக்கே காட்டிக்கொண்ட நாள் அது. ஜோ கிரீன், பப்பா ஸ்மித், டிக் லேன் போன்ற பெரும் வீரர்கள் அந்த லீக்கில் ஆடிய பையன்கள்தாம். நாட்டின் பெரிய செய்தித்தாள்கள் அன்று அவர்களைக் கண்டுகொள்ளவில்லை, வியாழன் இரவுக் கேலரி கண்டுகொண்டது.

அதன் முடிவு இன்னும் நெஞ்சைத் தொடுவது. இனப்பிரிவினை நீங்கியது, 1970-இல் அந்த லீக் கலைந்தது. நீங்க வேண்டியதுதான் நீங்கியது. ஆனால் இணைப்பு என்ற பெயரில் தெற்கு மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே. பையன் வெள்ளையர் பள்ளி அணியில் சேர்ந்துகொண்டான். அவனுடைய பயிற்சியாளர் பல இடங்களில் உதவியாளராக இறக்கப்பட்டார். பள்ளியின் நிறமும் பாட்டும் பெயரும் காணாமல் போயின; கோப்பைகள் பல குப்பைக்குப் போயின. விளையாட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் இதில் இழப்பே இல்லை. ஆடுபவருக்கு வாய்ப்பு கூடியது. கேலரியைக் கணக்கில் எடுத்தால்தான், நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரு சமூகம் கூடிய இடம் கலைந்துபோனது தெரிகிறது. இந்த மறுப்பு என் வாதத்தின் அழகைக் குலைக்கிறது, உண்மையை அல்ல. கேலரி வெறும் இருக்கையாக இருந்திருந்தால், அதில் யார் உட்காரலாம் என்பதற்கு இவ்வளவு கொடுமையான கட்டுப்பாடு எதற்கு?

நீதிமன்றமும் ஒருமுறை இதே கேள்வியைக் கையிலெடுத்தது. டெக்சாஸின் சான்டா ஃபே ஊரில், பள்ளி ஆட்டத்துக்குமுன் ஒலிபெருக்கியில் மாணவர் ஒருவர் பிரார்த்தனை செய்யும் ஏற்பாடு செல்லாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆட்டத்துக்கு வருவது அவரவர் விருப்பம், பிடிக்காதவர் வராமல் இருக்கலாமே என்பது பள்ளி மாவட்டத்தின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்டக்காரருக்கும் வாத்தியக் குழுவுக்கும் வருவது கடமை. மற்ற மாணவர்களுக்கும் வராமல் இருப்பது எளிதல்ல என்றது. மதத்துக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காகவே அதைப் படிப்பார்கள். எனக்கோ, வெள்ளி இரவில் வீட்டில் இருப்பவன் ஊருக்கு வெளியே இருக்கிறான் என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே ஒப்புக்கொண்ட ஆவணமாக அது படுகிறது.

இனி மிகவும் கனமான மறுப்பு. ஊருக்கு ஒரு கூடுமிடம் வேண்டும், சரி. அதற்கு விலை பதினேழு வயதுப் பையனின் மூளையா? எச்.ஜி. பிஸிங்கர் 1988 பருவத்தை டெக்சாஸின் ஒடெஸ்ஸாவில் கழித்து 1990-இல் வெளியிட்ட நூல் இந்தக் கேள்வியை நாட்டின்முன் வைத்தது. எண்ணெய் விலை சரிந்து நொடித்திருந்த ஊர் அது. அங்கே 1982-இல் திறந்த மைதானத்தில் சுமார் 19 ஆயிரம் பேர் உட்காரலாம். வெளியூர் ஆட்டத்துக்கு அணி வாடகை விமானத்தில் போனது. வகுப்பறையின் தேவை அதற்குப் பின்னால்தான் நின்றது. ஊர் கொதித்தெழுந்தது; அவர் அங்கே வர முடியாதபடி மிரட்டல்கள் வந்தன. அதற்கு முன்பே, 1961-இல், ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய்ஸ் பள்ளிகளை ஆராய்ந்து, நல்ல மாணவன் என்பதைவிட நல்ல விளையாட்டு வீரன் என்று நினைவுகூரப்படவே பையன்கள் விரும்புகிறார்கள் என்று காட்டியிருந்தார். தலைக்காயங்களைப் பற்றிய மருத்துவ அறிவு பெருகியபின் 2009-இல் வாஷிங்டன் மாநிலம், மூளை அதிர்ச்சி அடைந்த பையனை மருத்துவரின் ஒப்புதலின்றி மீண்டும் களமிறக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. ஐந்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆடுபவர் எண்ணிக்கை 11 லட்சத்திலிருந்து 10 லட்சம் அளவுக்கு இறங்கியது. இவை எதையும் நான் மறுக்க மாட்டேன். ரசிகன்தான் இந்த ஆட்டத்தை ஆக்கினான் என்று சொன்ன பிறகு, பழியில் மட்டும் அவனுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நொண்டிக்கொண்டு எழும் பையனுக்குக் கைதட்டி அவனை மீண்டும் களத்துக்கு அனுப்பியது அதே கேலரி. டெக்சாஸின் ஆலன் நகரத்தார் வாக்களித்து ஆறு கோடி டாலரில் 2012-இல் கட்டிய மைதானம், கான்கிரீட் விரிசலால் இரண்டே ஆண்டில் மூடப்பட்டு 2015-இல் திறந்தது. அந்தப் பணத்தை ஒதுக்கியதும் கேலரிதான். ஆனால் மருந்து எங்கே இருக்கிறது? ஒடெஸ்ஸாவின் பிழை, ஊர் கூடியதில் இல்லை. கூடிய ஊருக்கு வேறெதிலும் நம்பிக்கை மிச்சமில்லாமல் போனதில். எண்ணெய் போனபின் பையன்களின் தோளில் ஊரின் மானத்தை ஏற்றினார்கள். அந்தச் சுமையை இறக்குவது வேறு, விளக்கை அணைப்பது வேறு.

விளக்கை அணைக்க ஊர்கள் எவ்வளவு தயங்கின என்பதற்கு 1934-இல் நெப்ராஸ்காவில் நடந்தது சான்று. வறட்சியும் பொருளாதார மந்தமும் சிற்றூர்களைக் காலி செய்துகொண்டிருந்தன. பதினொரு பையன்களைத் திரட்ட முடியாத பள்ளிகள் பெருகின. செஸ்டர் ஊரில் ஆசிரியராக இருந்த ஸ்டீஃபன் எப்ளர், ஆறு பேர் ஆடும் ஆட்டம் ஒன்றை வகுத்தார். களம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். ஆறு பேருமே பந்தைப் பிடிக்கலாம். இடைவேளையிலோ அதற்குப் பின்னோ ஒரு பக்கம் 45 புள்ளி முந்தியிருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். ஆட்டமே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். பையன்களுக்குக் கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். விடவில்லை. ஆட்டத்தைச் சுருக்கினார்களே தவிர மாலையை விடவில்லை. மேற்கு டெக்சாஸின் சமவெளியில் இன்றும் அந்த ஆட்டம் நடக்கிறது. கேலரி கட்ட வசதியில்லாத பல ஊர்களில் களத்தைச் சுற்றி, அதைப் பார்த்தபடி வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். முதியவர்கள் குளிருக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு. பையன் ஒருவன் எல்லைக்கோட்டைத் தாண்டியதும், கைதட்டலுக்குப் பதிலாக அத்தனை வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடிக்கின்றன.